சுவருக்குப் பிடித்த குடை

ஈரச் சுண்ணாம்பு எனக்காகப் பழிவாங்கும் என்று நான் நம்பினேன். ஏதோ ஓர் ஆசை என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து மேகம் தென்படுகிறதா என்று பார்ப்பேன். வானம் வெளுத்துக் கிடந்தால் பல் தேய்க்கக்கூட மனம் வராது. அந்த அளவுக்கு நம்பினேன். அது 1991. கல்யாணம் ஆகாத, மோவாயில் குழி விழுந்த, எதிரே வருகிற எல்லோருக்கும் ஒரு சார் போட்டுவிடுகிற டிராயிங் மாஸ்டர் நான். இன்று தொப்பை விழுந்து, சாப்பாட்டுக்கு முன் ஒன்று பின் ஒன்று என்று மாத்திரை விழுங்குகிற வயதிலும், மழை பிடிக்கப்போகிற வாசனை வந்தால் எனக்கு எங்கள் ஹெச்.எம். ஞாபகம்தான் வருகிறது. அன்பாக இல்லை.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் பள்ளி. ஐந்தாவது வரைக்கும்தான். அந்தப் பக்கத்தில் தொடக்கப் பள்ளிக்கு டிராயிங் மாஸ்டர் என்பது யானைக்குக் கொலுசு போட்ட மாதிரி. நிர்வாகத்தில் யாருக்கோ திடீரென்று கலை ஆர்வம் வந்து என்னைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். கல்வி அதிகாரி வந்து பார்த்து, இந்த ஆள் தேவைதான் என்று தலையாட்டினால் வேலை நிலைக்கும். ஆட்டாவிட்டால் குன்றத்தூரில் நான் எடுத்திருந்த அறையைக் காலி செய்துவிட்டு, மாமா வைத்திருந்த சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டப் போகவேண்டியதுதான். அதிகாரியிடம் எனக்காகப் பேசவேண்டியவர் ஹெச்.எம்.

ஹெச்.எம்முக்கு ஓவியம் என்றால் சீனரி. இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து இறங்கி வருகிற ஆறு, ஆற்றோரம் ஒரு குடிசை, குடிசைக்குப் பக்கத்தில் தென்னை, மேலே கணக்கு வாத்தியார் போடுகிற டிக் மாதிரி நான்கு பறவை. இதை நான் கரும்பலகையில் வரையவேண்டும், பிள்ளைகள் பார்த்து வரையவேண்டும். எங்கள் ஊரிலிருந்து எந்தத் திசையில் பார்த்தாலும் ஏரிக்கரைதான் உயரம். மலை வேண்டுமென்றால் குன்றத்தூர்க் கோயில் குன்றைச் சொல்லலாம். அதுவும் ஒன்றுதான் இருக்கிறது. நடுவில் சூரியன் உதிக்க இன்னொன்றை எங்கே போய் வாங்குவது?

அதனால் ஒரு நாள் நாலாம் வகுப்பில், கரும்பலகையைத் துடைத்துவிட்டு, நேற்றுச் சாயங்காலம் கண்ணால் பார்த்ததை வரையுங்கள் என்று சொல்லிவிட்டேன். முக்கால்வாசிப் பேர் அப்போதும் மலையைத்தான் வரைந்தார்கள். கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி மட்டும் எருமை வரைந்திருந்தாள். ஏதோ கம்பெனி வாங்கிப்போட்ட நிலத்தைச் சுற்றிக் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்திருந்தார்கள். அவர்கள் வீட்டு எருமை அந்தத் தூணில் முதுகைச் சொறிந்துகொண்டிருக்கிறது. தூண் கொஞ்சம் சாய்ந்திருந்தது. எருமையின் கண் பாதி மூடியிருந்தது. அந்தப் பாதிக் கண்ணைப் பார்த்து எனக்கே முதுகு அரித்தது.

பெருமை தாங்காமல் அதை எடுத்துக்கொண்டு ஹெச்.எம். அறைக்கு ஓடினேன். என் முட்டாள்தனத்தில் அது இரண்டாவது. அவர் இன்டர்வல் பஜ்ஜியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் இது?"

"எருமை சார்."

"அது தெரியுது. மலை எங்க?"

"நம்ம ஊர்ல மலை இல்லியே சார்."

"இல்லாததத்தான் சார் வரையணும். இருக்கறத ஜன்னல் வழியா பாத்துக்க மாட்டனா? அதுக்கு எதுக்கு ஒரு மாஸ்டரு?"

சொல்லிக்கொண்டே, பேச்சோடு பேச்சாக, பஜ்ஜியை அந்தத் தாள்மேல் வைத்து உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினார். திருப்பிப் போட்டு மறுபக்கமும் அழுத்தினார். எண்ணெய் ஊறித் தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. எருமையின் வயிற்றுக்குள் அவருடைய மேஜை தெரிந்தது. ஒரு பஜ்ஜியை எனக்கும் நீட்டினார். நான் வாங்கித் தின்றேன். அதை நினைத்தால்தான் இன்றும் ஆத்திரம் பொங்குகிறது: வாங்கித் தின்றேன், நன்றாகவும் இருந்தது.

மறுநாள் பிரேயரில், கொடிக்கம்பத்துக்கு முன்னால் நின்று, எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார். "இன்ஸ்பெக்‌ஷன் வரப்போவுது. காம்பவுண்டு சொவுறு அசிங்கமா கீது. ஆள் வெச்சா கூலி கேப்பான். நம்ம டிராயிங் சாருக்குப் புள்ளைங்கள எருமையாக்கற வேலை போவ மீதி நேரம் சும்மாத்தான் இருக்காரு. பரீட்சை லீவுல அவரே சுண்ணாம்பு அடிச்சிருவாரு. பெயிண்டு அவுரு சப்ஜெக்ட்டுதானே."

பிள்ளைகள் கைதட்டினார்கள். பிரேயரில் எது முடிந்தாலும் கைதட்டிப் பழகியவர்கள்; அவர்கள்மேல் தப்பில்லை. ஆனால் அந்தச் சத்தம் என் காதிலேயே தங்கிவிட்டது.

அவருடைய சைக்கிளில் காற்றைப் பிடுங்கலாமா என்று யோசித்தேன். அவர் பார்த்துவிட்டால்? சைக்கிள் மணி அடிக்காதபடி கயிறு கட்டிவிடலாமா? சமையல் ஆயாம்மா பார்த்துவிட்டால்? எனக்குப் பழிவாங்கவும் வேண்டும், மாட்டிக்கொள்ளவும் கூடாது. இரண்டுக்கும் இடையில் காலாண்டுப் பரீட்சை முடிந்து லீவும் வந்துவிட்டது.

சுண்ணாம்பை ஊறவைத்து, வடிகட்டி, நீலம் கலந்து, நார் மட்டையால் கொடிக்கம்பத்துக்குப் பின்னால் இருந்த சுவரில் தொடங்கினேன். பிள்ளைகள் கரியால் கிறுக்கிவைத்திருந்த இடம் அது. அடித்துப் பார்த்தால் கிறுக்கல் அப்படியே தெரிகிறது. இன்னொரு கை அடிக்கலாமா என்று நினைத்துக்கொண்டே ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் வெயிலில் காய்ந்து வெள்ளை ஏறிவிட்டது, கிறுக்கலைக் காணோம். மட்டையைக் கழுவிய தண்ணீர் தெறித்ததும் அந்த இடத்தில் மட்டும் மறுபடி கிறுக்கல் எட்டிப் பார்த்தது. காய்ந்ததும் மறைந்தது.

சுண்ணாம்பு அடிப்பவன் எவனுக்கும் தெரிந்த சங்கதி. எனக்கு மட்டும் அது சாமி வந்து சொன்ன மாதிரி இருந்தது. எண்ணெய் பட்ட எருமைக்குள் மேஜை தெரிந்ததே, அதே கணக்கு. தண்ணீர் பட்டால் சுவருக்குள் இருப்பது தெரியும். சுவருக்குள் என்ன இருக்கவேண்டும் என்பதை நான் முடிவுசெய்யலாம். ஒரு நாள் பிரேயர் நேரத்தில் மழை தூறும். ஹெச்.எம். அங்கே நின்று பிள்ளைகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார். அவர் தலைக்குப் பின்னால் அவரே கழுதையாகக் கத்திக்கொண்டிருப்பார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். யார் வரைந்தது என்று தேடுவதற்குள் வெயில் வந்து எல்லாவற்றையும் அழித்துவிடும். இதைவிடப் பத்திரமான பழி உலகத்தில் உண்டா?

கரும்பலகைக்கு அடிக்கிற கறுப்பு என்னிடம்தான் இருந்தது. காதிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு பக்கமும் முழ நீளக் காது. பிறகு வாய். கத்துகிற வாய் வரைவது லேசான காரியமில்லை. உதடு இழுபடும், கன்னம் குழியும், மோவாய் இறங்கும். எங்கள் தொழிலில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. மாடலுக்கு ஆள் கிடைக்காவிட்டால் கண்ணாடியை எதிரில் வைத்துக்கொண்டு அந்த முகத்தை நாமே செய்து பார்த்து வரைவோம். அறையிலிருந்து சவரக் கண்ணாடியைக் கொண்டுவந்து செங்கல்லில் சாய்த்து வைத்து, யாருமில்லாத பள்ளிக்கூடத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"இன்னா சார், பல்லு வலியா?"

ஆயாம்மா. சத்துணவு சமைக்கிறவர். விறகு காயவைக்க வந்திருந்தார். ஒரு கன்னத்தில் எப்போதும் வெற்றிலை இருக்கும்.

"ஒண்ணுமில்ல ஆயாம்மா. கொட்டாவி."

"கொட்டாவிக்குக் கண்ணாடி எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் தேவைப்படாதவர் மாதிரிப் போய்விட்டார். படத்தை மறைக்க நான் சுவரோடு சுவராக ஒட்டி நின்றதில் சட்டை முதுகெல்லாம் கறுப்பு.

அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு நடுக்கம் ஆரம்பித்தது. படத்தில் ஹெச்.எம்மின் மூக்குக்கண்ணாடி இருந்தது. அது அப்பட்டமாக அவர்தான் என்று காட்டிக்கொடுக்கும் என்று தோன்றவே, சுரண்டி எடுத்தேன். கன்னத்து மச்சம் இருந்தது. ஊரில் எத்தனை பேருக்கு மச்சம் இருக்கிறது என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். தோற்றுப்போய் அதையும் எடுத்தேன். சட்டைப் பையில் சிவப்புப் பேனா. எடுத்தேன். நடு வகிடு. அதைக் கோணல் வகிடாக்கினேன். கடைசியில் காதும் வாயும் மோவாயும் மிஞ்சின. யாராவது கேட்டால் யாரோ ஒரு கழுதை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனாலும் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும், அந்தக் கத்தல் யாருடையது என்று. இப்படி ஒரே சுவரில் வீரத்தையும் கோழைத்தனத்தையும் சேர்த்து வரைந்து, அதன்மேல் ஒரு கை சுண்ணாம்பை லேசாக இழுத்துவிட்டேன்.

லீவு முடிந்து பள்ளி திறந்தது. மழைக்காகக் காத்திருந்தேன். மழை பெய்யாமல் இல்லை. எல்லாம் பள்ளி விட்ட பிறகு, இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை. பிரேயர் நேரத்தில் பளீரென்று வெயில். ஹெச்.எம். என் கழுதைக்கு நேர் முன்னால் நின்று தினமும் கத்தினார். நான் மட்டும் இரண்டு வாயையும் பார்த்துக்கொண்டு, மேகமே வா, மேகமே வா என்று மனசுக்குள் அழைத்தேன். அப்போது கிடைத்த சுகம் கொஞ்சநஞ்சமில்லை. உண்மையைச் சொன்னால் அந்த வேலையில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவைதான்.

அதில் மண் விழுந்தது ஒரு மத்தியானம். ஹெச்.எம். கூப்பிட்டார்.

"நாளைக்கு ஆபீசர் வர்றாரு. உங்க போஸ்ட்டு பத்தி நான்தான் சொல்லணும். சொல்லட்டுமா, வேணாமா?"

"சொல்லுங்க சார்."

"சொல்றன். சொவுறு நல்லா வெள்ளையா அடிச்சிருக்கீங்க. அதச் சொல்றன்." பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தார். "நாளைக்குக் கொடிக்கம்பத்தாண்டதான் எல்லாரையும் நிக்க வெச்சி வரவேற்பு."

வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். செம்பரம்பாக்கம் பக்கத்தில் மேகம் கறுப்பாகக் குமைந்து நின்றது. இத்தனை நாள் நான் அழைத்த மேகம். மரியாதை தெரிந்தது, கூப்பிட்டதற்கு வந்துவிட்டது.

நாளைக் காலையில் அதிகாரி முன்னால் ஹெச்.எம். கழுதையாவார். திரும்பி என்னைப் பார்ப்பார். பிறகு எனக்காகப் பேசுவாரா? நேராகப் பஞ்சர் கடைதான். இன்னொரு கை சுண்ணாம்பு கனமாக அடித்துவிட்டால் தப்பிக்கலாம் என்று அலைந்தேன். பள்ளியில் மிச்சமிருந்ததைச் சமையலறைக்கு அடித்துத் தீர்த்திருந்தார்கள். ஆயாம்மாவிடம் ஓடினேன்.

"ஆயாம்மா, கொஞ்சம் சுண்ணாம்பு குடுங்க."

"நீ வெத்தல போட மாட்டியே சார்."

"இன்னிலேருந்து போடறேன்."

"போடு, போடு. வாயி நல்லாத் தொறக்கும்," என்றபடி இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்தார். "எத்தினி வெத்தலைக்கி?"

"டப்பாவோட குடுங்க."

"நாக்கு வெந்துடும் சார்."

அந்த டப்பாவை வைத்துக்கொண்டு ஒரு முழுக் கழுதையை மறைக்க முடியாது. எதை மறைப்பது? கழுதை என்று காட்டுவது காதுதான். காதில்லாவிட்டால் அது யாரோ வாய் பிளந்த மனிதன். இரண்டு காதையும் விரலால் தடவித் தடவிக் கெட்டியாகப் பூசினேன். டப்பா தீர்ந்தது. வாய் மிச்சம்.

மறுநாள் பிரேயருக்குப் பிள்ளைகள் நின்றார்கள். அதிகாரி, ஒல்லியானவர், கழுத்தில் கைக்குட்டை வைத்திருந்தவர், ஹெச்.எம்முக்குப் பக்கத்தில் நின்றார். முதல் துளி என் மூக்கில் விழுந்தது. நான் யோசிக்கவே இல்லை. குடையை விரித்துக்கொண்டு ஓடினேன். அதிகாரி தனக்குத்தான் குடை வருகிறது என்று நினைத்து ஒரு அடி முன்னால் வந்தார். அவரைத் தாண்டிப் போய்ச் சுவருக்குப் பிடித்தேன்.

அதிகாரி எடுத்த அடியைப் பின்னால் வைத்தார்.

"சொவுத்துக்குச் சளி புடிச்சிக்குமா சார்?" என்றார் ஆயாம்மா, சமையலறை வாசலிலிருந்து.

"புதுசா அடிச்ச சுண்ணாம்பு," என்றேன். "கரைஞ்சிடும்."

"கடமை உணர்ச்சி," என்றார் அதிகாரி, சந்தேகமான குரலில். அதற்குள் மழை கொட்டியது. எல்லோரும் வராந்தாவுக்கு ஓடினார்கள். நான் மட்டும் சுவருக்கு முதுகைக் கொடுத்து மறைத்துக்கொண்டு நின்றேன். ஒரகடம் பக்கத்திலிருந்து அடித்த காற்று குடையைப் பூவாக மலர்த்திப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. சாரல் நேராகச் சுவரில் அடித்தது. கழுத்தைத் திருப்பினால் என் தோளுக்கு மேலே முதலில் ஒரு பல்வரிசை தெரிந்தது. பிறகு இழுபட்ட உதடு. பிறகு கன்னம். மோவாய். வகிடு. காது மட்டும் வரவேயில்லை. ஆயாம்மாவின் சுண்ணாம்பு அசல் சரக்கு.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வராந்தாவில் ஒரு குரல் எழுந்தது. எருமை வரைந்தவளின் குரல்.

"ஏய், நம்ம டிராயிங் சாருடி."

"ஆமாண்டி, டிராயிங் சாரு கத்தறாரு."

"மோவாயில குழி கீது பாரு."

கண்ணைத் திறந்து முழுசாகத் திரும்பிப் பார்த்தேன். சவரக் கண்ணாடியில் நான் பார்த்த முகம்தான் சுவரில் இருந்தது. ஹெச்.எம்முக்கு உண்டான மூக்குக்கண்ணாடி, மச்சம், பேனா, நடு வகிடு எல்லாவற்றையும் பயந்து பயந்து நானே எடுத்துவிட்டேன். மிஞ்சியது மாடல் மட்டும். மழையில் ஒன்று, சுவரில் ஒன்று என்று இரண்டு டிராயிங் மாஸ்டர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அதிகாரி வராந்தா விளிம்புக்கு வந்து உற்றுப் பார்த்தார். "யார் வரைஞ்சது?"

நான் வாயைத் திறந்தேன். அது அப்படியே சுவரில் இருந்த வாய் மாதிரி ஆகிவிட்டது. பதில் சொன்னவர் ஹெச்.எம்.

"புள்ளைங்கதான் சார். மலை, ஆறுன்னு காப்பியடிக்கறது நம்ம ஸ்கூல்ல கெடையாது. கண்ணால பாத்தத வரையணும்னு நான் ஸ்ட்ரிக்ட்டா சொல்லியிருக்கேன்."

"நல்ல விஷயம். எந்த ஸ்கூலுக்குப் போனாலும் அதே ரெண்டு மலைதான்," என்றார் அதிகாரி. "மாஸ்டர் இருக்கட்டும்." தலையாட்டினார்.

என் வேலை நிலைத்தது அந்தத் தலையாட்டலில்தான். எருமைமேல் பஜ்ஜி வைத்து அழுத்தினவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அந்த நிமிஷம் எனக்கு வேலை கிடைத்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. பஞ்சர் கடைக்கே போயிருக்கலாம் என்று இருந்தது. அந்த எருமையைப் பற்றிப் பிறகு சிறுமியிடம் கேட்டேன், வருத்தமா என்று. "அதுக்குக் காலு சரியா வர்ல சார், போவட்டும்," என்றாள். பழிவாங்க எனக்கு மிச்சமிருந்த ஒரே காரணத்தையும் அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்படியும் நான் விடவில்லை. சொந்தக் கணக்கில் தொடர்ந்தேன், இன்றுவரை தொடர்கிறேன்.

அதிகாரி போனதும் ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டார். தலை துவட்ட அவருடைய துண்டைக் கொடுத்தார்.

"ஆயாம்மா அன்னிக்கே சொல்லிச்சு, நீங்க சொவுத்துல என்னமோ வரையறீங்கன்னு. ஒரு பக்கெட்டுத் தண்ணி ஊத்திப் பாத்தன்."

நான் துண்டுக்குள்ளேயே இருந்தேன்.

"கழுதக் காதோட உங்கள நீங்களே வரைஞ்சி வெச்சிருந்தீங்க. சரி, மனுசனுக்கு இன்னா கஷ்டமோ, நமக்கு இன்னா போச்சின்னு வுட்டுட்டேன். இன்னிக்கிக் காதக் காணமே, எங்க சார்?"

மழை விட்டதும் வெயில் வந்தது, முகம் மறைந்தது. அடுத்த வாரம் ஹெச்.எம். தன் காசில் ஆயில் பெயிண்டு வாங்கிவந்தார், இனிமேல் எந்த வெயிலிலும் மறையாதபடி அதை நானே வரைந்து வைக்கவேண்டும் என்று. வரைந்தேன். டப்பாவை அவர் பிடித்துக்கொண்டார். காதையும் போடச் சொன்னார், போட்டேன். ரோட்டை அகலப்படுத்தச் சுவரை இடிக்கும்வரை அது அங்கேதான் இருந்தது; பிரேயரில் நான் தினமும் அதற்கு எதிரில் நின்றேன்.